விடுவிக்கப்பட்ட வளவும் பழகிப்போன நகரமும்

துலாக்கால் எழுதியது:

வணக்கம் உறவுகளே. ஒரு முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது காணி பற்றிய முடிவு. எனக்கோ, நான் எந்த ஊரவன் என்ற கேள்வியாக மாறி இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது. இதே நிலையில் உள்ளவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மாவிட்டபுரத்தில் பிறந்தவன். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆடு மாடு உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று அம்மா படலையைக் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிய பிறகுதான் நடக்கத் தொடங்கினார். அந்த முடிச்சை அவிழ்க்க அவர் திரும்பிப் போகவே இல்லை. சுன்னாகத்தில் உறவினர் வீட்டில் ஐந்து ஆண்டுகள் இருந்தோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, சனத்தோடு சனமாகச் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். பிறகு கொழும்பு, 1997 இல், பதினெட்டு வயதில், ரொறன்ரோ. பிறந்த ஊரில் வாழ்ந்தது பதினொரு ஆண்டுகள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாழ்ந்தது அதைப் போல இரண்டரை மடங்கு. கணக்கின்படி பார்த்தால் எனக்கு இந்தக் கேள்வியே எழக் கூடாது.

எங்கள் பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு அக்கா பலமுறை கூப்பிட்டும் நான் போகவில்லை. வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன் என்று காரணங்கள் சொன்னேன், உண்மையில் பயந்தேன். கடந்த ஆவணியில்தான் துணிந்து போனேன். தெல்லிப்பழை தாண்டியதும், இனி எனக்கு வழி தெரியும் என்று சொல்லி ஓட்டோக்காரருக்கு நானே வழிகாட்டத் தொடங்கினேன். மூன்றாவது திருப்பத்திலேயே பிழைத்துவிட்டது, ஏனென்றால் நான் நினைவில் வைத்திருந்த ஒழுங்கையே அங்கே இல்லை. எங்கள் ஊருக்கு வேலிகள்தான் வரைபடம் என்பது அப்போதுதான் விளங்கியது. பூவரசங் கதியால் (வேலிக்கு நடும் உயிர்த்தடி) நிற்கும் இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கிளுவை வேலி முடியும் இடத்தில் எங்கள் படலை. கதியால்கள் போனபின் முழு ஊரும் ஒரே பற்றைக்காடாகக் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோலவே இருந்தது.

அடுத்த நாள் நில அளவையாளர் வந்தார். நான்கு பரப்புக் காணி, ஏக்கரில் கால் பங்கு. பழைய காணி உறுதிப்பத்திரத்தில் எல்லைகள் ஆட்களின் பெயரால்தான் எழுதப்பட்டிருந்தன: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே இன்னாருடைய காணி, தெற்கே ஒழுங்கை. அந்த இன்னார்களில் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை, ஒழுங்கையும் இல்லை. எதிலிருந்து அளக்கத் தொடங்குவது என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

கடைசியில் வழிகாட்டியது கிணறுதான். பற்றையை வெட்டிக்கொண்டு போன பையன் ஒருவன் கூப்பிட்டான். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டிய எங்கள் கிணறு, கட்டு உடைந்து, பாதிவரை தூர்ந்து, அதே இடத்தில் இருந்தது. அதை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தச் சீமெந்தால் தொட்டியைக் கட்டிய அன்று, காயுமுன் விளிம்பில் விரலால் 1974 என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில், ஈரத்தில் நடந்துபோன கோழி ஒன்றின் மூன்று விரல் தடம். சிறுவயதில் குளிக்கும்போதெல்லாம் அந்தத் தடத்துக்குள் என் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பது வழக்கம். பாசியை நகத்தால் சுரண்டியதும் முதலில் 4 தெரிந்தது, பிறகு 7, பிறகு கோழியின் கால். இப்போது என் விரல் அதற்குள் போகவில்லை.

அங்கே குந்தியிருந்தபடி நான் அழுதேன். ஆனால் அந்த அழுகையின் நடுவிலே, வீட்டுக்குப் போக வேண்டும் என்று மனம் சொன்னது. எந்த வீடு என்று என்னை நானே கேட்டேன். கண்முன் வந்தது ஸ்காபரோ வீட்டின் பின்வாசல் படியும், அதில் கழற்றிப் போட்ட பிள்ளைகளின் சப்பாத்துகளும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏங்கிய மண்ணில் குந்திக்கொண்டு இன்னொரு ஊருக்கு ஏங்கியவன் நான். அந்த நொடியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொங்கலுக்குள் முடிவு சொல்லு என்று அக்கா கேட்கிறார்: மதில் கட்டி ஒரு வீடு போடுவதா, விற்றுவிடுவதா? பாரிஸில் இருக்கும் தம்பி விற்கச் சொல்கிறான். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. உங்களில் யாரேனும் இதைக் கடந்து வந்திருந்தால் எழுதுங்கள்.

திரும்பிவந்தவன் எழுதியது:

தம்பி, உங்கள் எழுத்தை இரண்டு முறை வாசித்தேன். நான் ஜேர்மனியில் இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு 2012 இல் இணுவிலுக்கே திரும்பி வந்தவன். அம்மாவைப் பார்க்க வந்தேன். அம்மா போன பிறகும் இங்கேயே இருக்கிறேன். எனவே இரண்டு பக்கத்தையும் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இங்கே என்னைக் காணும் எவரும் முதலில் கேட்பது, "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?" என்பதுதான். வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் போகப்போவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், அடுத்த திருவிழாவில் அதே கேள்வி வரும். அவர்கள் தவறாகக் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் திரும்பிப் போவார் என்பதுதான் அவர்கள் கண்ட வழக்கம். என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லி, இன்னாரின் மகன் என்று கூப்பிடக் கூடியவர்கள் இந்த ஊரில் இப்போது மூன்று பேர்தான் மிச்சம். அவர்களில் இளையவருக்கு எழுபத்தொன்பது வயது.

ஜேர்மனியில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டிக் கிடப்பதும் தெருவில் ஓசையே இல்லாமல் போவதும் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தன. இங்கே வந்து இரண்டாவது மாதத்திலேயே அந்த அமைதியைத் தேடத் தொடங்கினேன். இன்றும் ஞாயிறு காலையில் கோயில் ஒலிபெருக்கி தொடங்குமுன் எழும்பி, முற்றத்தில் ஒரு மணி நேரம் தனியே இருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் நான் ஜேர்மனியில் இருக்கிறேன் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: வந்து வாழ்வதென்றால் வீட்டைக் கட்டுங்கள், வராமல் கட்டாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு மாடி, பளிங்குத் தரை, பெரிய இரும்புக் கதவு. பின்னேரத்தில் காவலுக்கு இருப்பவர் வந்து முன் விளக்கைப் போட்டுவிட்டுப் போவார். கரண்டில் எரியும் அந்த விளக்குகளைக் கடந்து நடக்கும்போது, ஆள் இருந்த காலத்துக் குப்பிவிளக்கு இதைவிட வெளிச்சம் என்று தோன்றும். அதோடு, அந்தப் பணத்தைப் பார்த்து இங்கே காணி விலை ஏறுகிறது. ஊரிலேயே உழைத்து வாழும் இளம் குடும்பங்களால் நான்கு பரப்பு என்ன, ஒரு பரப்புக்கூட வாங்க முடியவில்லை. எங்கள் ஏக்கத்துக்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான் என்பதை நாங்கள் யோசிப்பதேயில்லை.

சனிக்கிழமை மாணவி எழுதியது:

அண்ணா, நான் நான்கு வயதில் ஸ்காபரோவுக்கு வந்தவள்; தமிழைச் சனிக்கிழமை வகுப்பில் கற்றேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மன்னிக்க முடியவில்லை என்று எழுதிய அந்த நொடியைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். எங்கள் வீட்டில் "ஊர்" என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ஊர் என்றால் பருத்தித்துறை. ஸ்காபரோவுக்கு "இங்கே" என்று பெயர். இங்கே படி, இங்கே உழை, இங்கே உடுப்புக் கழுவு. ஆனால் நல்லதெல்லாம் நடந்தது ஊரில். என் பெற்றோரின் கட்டிலுக்கடியில் இரண்டு பெரிய பெட்டிகள் எப்போதும் பாதி அடுக்கியபடியே இருந்தன. சுவரில் ஆணி அடிக்க அப்பா விடமாட்டார், பிறகு வீட்டை விற்கும்போது துளை தெரியும் என்பார். அந்த வீட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தோம். நான் பிள்ளையாக ஓடித் திரிந்த ஒரே இடம் அதுதான், ஆனால் அது ஒரு தங்குமடம் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் இழந்தது என்ன என்று வளர்ந்தபின் படித்து அறிந்துகொண்டேன். 1986 ஓகஸ்ட் மாதம் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிய கதையைப் பள்ளியில் நான்தான் எடுத்துப் பேசினேன். பேசி முடித்து இருக்கையில் அமர்ந்தபோது ஒன்று தோன்றியது: அந்தப் படகில் வந்த பிள்ளைகளுக்கு முதல் நினைவு எந்தக் கரையாக இருக்கும்? அவர்களிடம் ஊர் எது என்று கேட்டால், பெற்றோர் சொல்லிக்கொடுத்த பெயரைச் சொல்வார்களா, அல்லது கண்ணால் கண்ட இடத்தைச் சொல்வார்களா?

கிணற்றடியில் உங்களுக்கு உங்கள் பிள்ளைகளின் சப்பாத்துகள் நினைவுக்கு வந்தன. அதை அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? என் அப்பா அப்படி ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது.

துலாக்கால் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில், சொல்லவில்லை என்பதுதான். உங்கள் பதிவை வாசித்த அன்று இரவு மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பதினான்கு வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, அந்தக் கோழித் தடத்தைப் படம் எடுத்தீங்களா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை.

நீங்கள் எழுதிய பிறகுதான் இன்னொன்றை எண்ணிப் பார்த்தேன். சிறுவயதில் யாழ்தேவி ரயில் காங்கேசன்துறைக்குப் போகும் ஓசை எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அதை வைத்துத்தான் அம்மா அடுப்பை மூட்டுவார். 1990 இல் நின்றுபோன அந்தப் பாதை, 2015 ஜனவரி 2 ஆம் திகதி காங்கேசன்துறை வரை மீண்டும் திறந்தபோது, இங்கே காணொளியில் பார்த்து அழுதேன். அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்; அது எல்லோருக்கும் விளங்குகிற அழுகை. ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. ஸ்காபரோவில் எங்கள் முதல் அடுக்குமாடியின் யன்னலிலிருந்து, தூண்களின் மேல் ஓடும் அந்தச் சிறிய ரயில் தெரியும். 1985 இல் தொடங்கியது. கெனடியிலிருந்து மக்கோவன் வரை ஆறே நிலையங்கள், ஆறரைக் கிலோமீற்றருக்கும் குறைவான பாதை. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் அதில் ஏறினால், பனிக்காலத்தில் கதவு ஒவ்வொரு நிலையத்திலும் திறக்கும்போது முழங்காலில் குளிர் அடிக்கும். எதிரே என்னைப் போலவே தூங்கி வழியும் முகங்கள். இரண்டு ஆண்டுகள் ஒரே இருக்கையில் இருந்த பிலிப்பீன்ஸ்காரர் ஒருவர் நான் தூங்கிப்போனால் மிட்லண்ட் நிலையத்தில் தட்டி எழுப்பிவிடுவார். அவருடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

2023 ஜூலை 24 ஆம் திகதி அந்த ரயிலின் கடைசிப் பெட்டி தடம் விலகியது. எப்படியும் அந்த ஆண்டு கடைசியில் மூட இருந்த பாதை. அதன்பின் திறக்கவேயில்லை, பஸ் விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு நான் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து அழுதேன். ஊர் ரயிலுக்கு அழுதவன் இந்த ரயிலுக்கும் அழலாமா என்று வெட்கமாக இருந்தது. இப்போது யோசித்தால், ஒரு இடத்தில் ஏதோ இல்லாமல் போனதற்கு வயிறு பிசைகிறதென்றால், அந்த இடம் எப்போதோ நமக்கு ஊராகிவிட்டது. நான்தான் அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்காமல் இழுத்தடித்திருக்கிறேன்.

அப்பாவின் சாம்பல் கீரிமலையில் கரைந்தது. அம்மா ஸ்காபரோவில் போனார். அவருடைய சாம்பலை ஒன்ராறியோ ஏரியில் கரைத்தோம். ஆடி அமாவாசைக்கு அக்கா அங்கே விரதம் பிடிக்கிறார். சித்திரா பூரணைக்கு நான் இங்கே ஏரிக்கரையில் நிற்கிறேன், கை விறைக்கும் தண்ணீர். கடைசிவரை அம்மா எந்தப் பையைக் கட்டினாலும் இரண்டு முடிச்சுத்தான் போடுவார். பால் பைக்குக்கூட. எனக்கு அது எரிச்சலாக இருந்ததுண்டு. இப்போது என் மகள் தன் மதிய உணவுப் பையை அப்படித்தான் கட்டுகிறாள், ஏன் என்று தெரியாமலே.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

உங்கள் மனத்தைத் தொடும் விடயங்களில் நான் அறிவுரை சொல்லப் போவதில்லை. காணிக் கந்தோர் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம் என்பதற்கான காரணங்களை மட்டும் எழுதுகிறேன். அவசரம் குறைந்தால் மனமும் தெளியும்.

நீங்கள் கனேடியக் குடியுரிமை எடுத்தபோது, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போயிருக்கும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து அதை மீளப் பெறலாம். கனடா 1977 முதலே இதற்கு இடம் கொடுக்கிறது. வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரிடமிருந்து முதுசமாக வரும் காணியைத் தடுப்பதில்லை. எனவே உங்கள் பங்கு உங்களுடையதே. காணி மூன்று பேருக்கும் பொதுவானதாக இருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு முன்னுரிமை உண்டு. தம்பி தன் பங்கை வெளியாருக்கு விற்குமுன் உங்களுக்கும் அக்காவுக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர் விற்கத்தான் வேண்டும் என்றால் அக்கா வாங்கிக்கொள்ளலாம், இரட்டைக் குடியுரிமை எடுத்தபின் நீங்களும் வாங்கிக்கொள்ளலாம், பகை தேவையில்லை.

பலர் பயப்படும் இன்னொரு விடயம், பத்து ஆண்டுகள் வேறொருவர் ஆண்டுவிட்டால் காணி போய்விடும் என்பது. போர்க்காலத்தில் தங்கள் காணிக்குப் போக முடியாமலிருந்தவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கானது. ஆனால் இனிவரும் ஆண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அளந்த வரைபடத்தைப் பத்திரப்படுத்துங்கள், எல்லைக்கல் நடுங்கள், யாருக்காவது பயன்படுத்தக் கொடுப்பதானால் எழுத்தில் கொடுங்கள். கட்டுவதற்கும் விற்பதற்கும் நடுவில் ஒரு வழியுமில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

துலாக்கால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதிய கடைசி வரியை அக்காவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன்.

வீடு கட்டவில்லை, விற்கவும் இல்லை. தம்பியின் பங்குக்குரிய பணத்தை இரண்டு தவணையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் முதலில் கோபித்தான். "உனக்கு அங்க என்ன கிடக்குது?" என்றான். அவனுக்கு அந்த ஊரை விட்டபோது மூன்று வயது. கோழித் தடம் அவன் நினைவில் இல்லை. அவன் கேட்டது சரியான கேள்விதான், அவனிடம் விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை.

எங்கள் காணிக்கு வடக்கே, முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் அலைந்துவிட்டுத் திரும்பிய குடும்பம் ஒன்று சிறிய வீடு போட்டிருக்கிறது. தண்ணீர் எடுக்க அவர்கள் அரைக் கட்டை தூரம் போகிறார்கள். கிணற்றைத் தூர்வாரி, கட்டைச் சரிசெய்து, அவர்கள் தோட்டம் செய்யவும் தண்ணீர் அள்ளவும் எழுத்தில் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். மதில் வேண்டாம், கதியால் நடச் சொல்லியிருக்கிறேன். மாரியில் நட்டால் பூவரசு வேர் பிடித்துவிடும் என்று அக்கா சொன்னார்.

வருகிற ஆடியில் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் விமானச் சீட்டு எடுக்கும்போதே, பள்ளி தொடங்குமுன் "எங்கட ஊருக்கு" வந்துவிட வேண்டும், கூடைப்பந்துத் தெரிவு இருக்கிறது என்றாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

நேற்று அக்கா படம் அனுப்பியிருந்தார். கிணற்றடியில் இறைத்துக் கொட்டிய கரிய சேறு ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு வாளியின் இரும்புக் காது கிடைத்ததாம், துருப்பிடித்திருந்தாலும் வளையவில்லையாம். அதைக் கழுவித் தொட்டிக் கட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தொட்டி விளிம்பை மட்டும் யாரும் தேய்த்துக் கழுவ வேண்டாம் என்றும் சொன்னேன்.